மாமாவின் வலது கை

முதுகெலும்பைத் தவிர மனித உடம்பில் வேறு உறுப்பே கிடையாது என்று நினைக்கிற ஆள் அவன். எலும்பை நெட்டி முறித்து நேராக்குகிற கைரோபிராக்டர். தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு, எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் "குப்புறப் படுங்க" என்பான். பாதிப் பேருக்குக் குணமும் ஆகிவிடும். தலைக்கனம் ஏறக் கேட்கவா வேண்டும்.

அவனுக்கு அடங்காத ஒரே கழுத்து அக்காவுடையது. பத்து வருடமாகச் சரிசெய்கிறான். மாதம் திரும்புவதற்குள் மறுபடி கோணிக்கொள்ளும். தலையணைதான் கோளாறு என்று மூன்று தலையணை வாங்கிக் கொடுத்தான், மடையன்.

அன்று காலை அக்காவின் புருஷன் வந்திருந்தார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை, விரல்கள் மரத்துக் கிடந்தன. கூடவே வந்த அக்கா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது. எல்லாம் தன் கைராசிதான் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

"எத்தனை நாளா மாமா இப்படி?"

"நாப்பது நாளாச்சு மாப்ளே."

"இன்னைக்கே பாக்கணுமாடா?" என்றாள் அக்கா. "பொறுமையா இன்னொரு நாள் வரோமே."

அவன் காதில் வாங்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாமாவை மல்லாக்கப் படுக்க வைத்தான். அரை மணி நேரம் நீவினான், இழுத்தான். கடைசியில் பின்மண்டையை இரண்டு கையாலும் ஏந்தி மெல்லத் திருப்பி ஒரு வெட்டு வெட்டினான். சொடக்கென்று ஒரு சத்தம்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். கை காது வரை போயிற்று, பிறகு தலைக்கு மேலேயும் போயிற்று. இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"முதல்லயே வந்திருக்கலாமே மாமா?"

"வரத்தான் பாத்தேன். நீ கிளினிக்கைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டேன்னு உங்க அக்கா சொன்னா."

"நானா? நான் ஒரு நாள்கூடப் பூட்டலையே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமா இரண்டே எட்டில் போய் அறைந்தார். அந்தக் கையால்தான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள், மண்டை சுவரில் மோதியது. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தார். உதடு கிழிந்தது. கழுத்து வெடுக்கென்று வலது பக்கம் திரும்பியது. பத்து வருடமாக அவன் நீவி நீவி நேராக்கிய கோணல் அதே பக்கம்தான். தலையணையாம், தலையணை.

"பொய் சொல்லி என்னை முடமாவே வச்சிருக்கப் பாத்தியா?" விழுந்தவளின் வயிற்றில் உதைத்தார்.

அவன் பாய்ந்தான். மாமாவின் முழங்கை அவன் மூக்கைப் பதம் பார்த்தது. ரத்தம் வாய்க்குள் இறங்க இறங்க அந்த வலது மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வளைத்தான். கட்டிலில் குப்புறத் தள்ளி முழங்காலால் அமுக்கினான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தவில்லை. தோள்மூட்டு கழன்றது. மாமா அலறிக்கொண்டே தரையில் சரிந்தார்.

"நாப்பது நாள் நிம்மதியாத் தூங்கினேன்டா," என்றாள் அக்கா, தரையில் கிடந்தபடியே. "நீதான் கெடுத்தே."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"தோளை ஏத்தி விடு மாப்ளே, உயிர் போகுது," என்று மாமா கெஞ்சினார். தொழில் பழக்கம், அவன் கைகள் தாமாகத் தோளை நோக்கிப் போயின. அக்கா சுவரைப் பிடித்து எழுந்து வந்து அவனைத் தடுத்தாள்.

"நீ தொடாதே. ஆஸ்பத்திரியில ஏத்திக்கட்டும். ஏத்தினா எத்தனை நாள்ல கையை ஓங்க முடியும்?"

அவன் வைத்தியனாகவே பதில் சொன்னான். "மூணு வாரம் கட்டுல இருக்கும். பழைய பலம் வர ரெண்டு மாசம் ஆகும்."

"மூணு வாரம் போதும்," என்று அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "அதுக்குள்ள வேற வீடு பாத்துடுவேன்."