கடைசிக்கு முந்தின இடம்

அவளுடைய கல்லூரிக்குக் கடைசிக்கு முந்தின இடம் என்பது ஊருக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே அவள் கணவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டவனே அவன்தான்.

ஒரு பதிப்பகம் ஆண்டுதோறும் கொண்டுவரும் கல்லூரி வழிகாட்டிக்கு அவன் தலைமைப் புள்ளியியலாளன். முன்பெல்லாம் அந்த வழிகாட்டி கட்டடம், நூலகம், பேராசிரியர்களின் பட்டங்கள் ஆகியவற்றைப் பார்த்து இடம் கொடுத்தது. அதெல்லாம் பூச்சுவேலை, படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று மேலே இருப்பவர்களோடு மல்லுக்கட்டி முறையை மாற்றினான். ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் காலத்தோடு பட்டம் வாங்கினார்கள், ஒரு வருடத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம், எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள் என்று மட்டும் பார்த்தான். பிள்ளைகளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடாத வேலை இது என்று நம்பினான். நேர்மையாகவும் செய்தான்.

அவள் வரலாறு கற்பித்தாள். ரயில் பாதையை ஒட்டி, முன்பு கிடங்காக இருந்த செங்கல் கட்டடம்தான் அவளுடைய கல்லூரி. ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவாள். போனதும் விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொள்வாள். மாணவர்களில் பாதிப் பேர் காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்த கையோடு வந்து உட்காருகிற பையன் ஒருவன், மருத்துவமனைத் தரை துடைத்துவிட்டு வருகிற பெண்கள் இரண்டு மூன்று பேர். யார் எந்த வேளை தூங்கி விழுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

இருவருக்கும் ஒரே மகள், பள்ளியில் கடைசி வருடம். அம்மாவைவிட ஒரு பிடி உயரமாக வளர்ந்த பிறகும் வீட்டில் அவள் பெயர் பொடிசுதான். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அம்மாவின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைவாள். "பெரிசானதும் நான் முன்னாடி பெஞ்சும்மா" என்று சொல்லி வைத்திருந்தாள். பொடிசு அம்மாவின் கல்லூரியில்தான் படிப்பாள் என்பது அந்த வீட்டில் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாகவே இருந்ததில்லை.

பட்டியலின் முதல் வரைவு கைக்கு வந்த அன்று அவன் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினான். மறுநாளும் கழுவினான். அந்த வாரம் முழுக்க அவன் கைதான் தொட்டியில்.

"என்னடா கணக்குப்புலி, திடீர்னு நல்லவனாயிட்ட? வெளியில ஏதாவது சின்ன வீடு வச்சிருக்கியா?" என்று அவள் கேட்டாள்.

"அப்பாவுக்கு அதுக்கெல்லாம் துப்பு கிடையாதும்மா" என்றாள் மகள்.

மூவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பதிப்பகத்தில் எல்லோரையும் போல அவனும் பட்டியல் வெளிவரும்வரை யாரிடமும் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தான். ஓரிரு முறை சொல்ல வாயெடுத்தான். அப்போதெல்லாம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், அல்லது நல்ல மனநிலையில் இருந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பட்டியல் வெளிவந்தது ஒரு முற்பகலில். ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. தத்துவம் நடத்துகிறவர் தம் கைபேசியை அவள் பக்கம் நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் நம்ம காலை நல்லா வாரிவிட்டுட்டார் போல."

அவள் திரையை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். தள்ளத் தள்ள வரவில்லை. கிட்டத்தட்ட அடியில் இருந்தது, அவள் கல்லூரியின் பெயர்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றார் நூலகர்.

தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கட்டியவளிடமே சொல்லாத மனிதன் என்று இத்தனை பேர் முன்னால் அவன் நிற்க வேண்டும். அவளும் நிற்க வேண்டும்.

"தெரியும், சொல்லியிருந்தார்" என்றாள்.

அறையில் யாரும் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் முதல்வர் அம்மாள் மட்டும் நடைவழியில் நிறுத்தினார். "ஒரு வார்த்தை எங்க காதுல போட்டிருக்கலாமே. பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசியாவது வச்சிருப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் ஆசிரியர் அறைக்குள் வந்தால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள். மனம்விட்டுப் பேசுவது நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"கொஞ்ச நாளா."

"பாத்திரம் கழுவ ஆரம்பிச்சியே, அப்பவா?"

அவன் தலையாட்டினான். "வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் வெளியாளா?"

"அப்படி இல்ல. உனக்குத் தெரிஞ்சா நீ அங்க போய்ச் சொல்லாம இருக்க முடியுமா? உன்னை ஏன் அந்த இக்கட்டுல மாட்டணும்னு..."

"இப்ப எனக்கு எந்த இக்கட்டும் இல்ல பாரு. தெரியும்னு பொய் சொல்லிட்டு வந்து நிக்கறேன், உன் மானத்துக்காக."

அவனுக்கு அது உறைக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு தனக்குத் தெரிந்த மொழியில் சமாதானம் பேசினான். "சின்னக் காலேஜுக்கு இந்தக் கணக்கு முழுசாப் பொருந்தாதுதான். ரெண்டு பேர் படிப்பை விட்டு நின்னாலே சதவீதம் சரிஞ்சிடும். அதை அடிக்குறிப்பாப் போடணும்னு சண்டை போட்டுப் போட வச்சிருக்கேன்."

"அடிக்குறிப்பு படிக்கறது என் பொழப்புடா. வேற எவன் படிப்பான்?" என்றாள். பிறகு, "அப்பாவுக்குப் பக்கவாதம்னு ரெண்டாவது வருஷம் நின்னாளே ஒருத்தி, திரும்பி வந்து முடிச்சாளே. நம்ம வீட்டுக்குக்கூட வந்து சாப்பிட்டாளே. அவ உன் கணக்குல யாரு?"

"காலத்துக்குள்ள முடிக்காதவங்க."

"ஆனா முடிச்சா."

"காலத்துக்குள்ள இல்லையே" என்றான், மெதுவாக.

இரண்டு மூன்று வாரம் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவன் ஏதோ சொல்லி அவள் ஒரு நாள் சிரித்தும்விட்டாள். இதுவும் ஆறிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் உள்ளறையில் மகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவும் மகளும் மட்டும். கதவு பாதி திறந்திருந்தது.

"அப்பா, ஒண்ணு கேட்டா மழுப்பாமச் சொல்லணும்."

"கேளு."

"நான் உன் பொண்ணு இல்லைன்னு வச்சுக்கோ. யாரோ ஒரு பொண்ணு வந்து கேக்கறா. அம்மா காலேஜா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற காலேஜா?"

அந்தப் பக்கத்துக் கல்லூரி பட்டியலில் மேலே, விரல்விட்டு எண்ணுகிற இடத்தில் இருந்தது. உள்ளே அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மாகிட்டயும் கேட்டுக்கோ என்று சொல்லலாம். ரெண்டும் நல்ல காலேஜ்தான் என்று சொல்லலாம். யோசிக்கணும் என்றாவது சொல்லலாம்.

"அந்தப் பக்கம்" என்றான் அவன். கேள்வி முடிந்த வேகத்திலேயே பதில் வந்தது.

"யாரோ பொண்ணுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

மகள் வெகு நேரம் கழித்து உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. "அம்மா" என்று ஆரம்பித்தாள்.

"சட்டை சூடா இருக்கு, ஆறினப்புறம் எடுத்து வை" என்றாள் அவள்.

அன்று மாலை அவள் தனியாக நடந்துபோய்ப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டு வந்தாள். தன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், நல்ல மதிப்பெண் வைத்திருந்தால், அவளே அந்தப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறாள். அதனால் அவனைத் திட்டவும் வழியில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் அவன் ஒரு தரம் எச்சிலாவது விழுங்கியிருக்கலாம். அது போதுமாக இருந்திருக்கும் அவளுக்கு.

மகளைப் புதுக் கல்லூரியில் சேர்க்க மூவருமாகப் போனார்கள். நிழல் அடர்ந்த வளாகம், ஒவ்வொரு துறைக்கும் தனிக் கட்டடம். உள்ளூர்ப் பிள்ளைகளும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. அவள் விடுதி அறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், மெத்தையைத் தட்டிப் பார்த்தாள், அறைத்தோழியிடம் "இவ காலையில எழுந்திருக்க மாட்டா, உலுக்கி எழுப்பும்மா" என்று சொன்னாள். குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

அதே பருவத்தில் அவளுடைய கல்லூரியில் சேர வந்தவர்கள் ஒரு வகுப்பை நிரப்பக்கூடப் போதவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் கல்லூரியை எடுத்துக்கொண்டது. கணக்கியலும் கணினியும் இருக்கும், மற்றதெல்லாம் இருக்கிறவர்கள் முடித்து வெளியேறும்வரைதான் என்றார்கள். தத்துவம் நடத்துகிறவர் ஒரு மதியம் தம் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். போகும்போது அவளைத் தேடி வந்து கை கூப்பினார். அவள் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், எனக்கும் தெரியாது சார் என்று. இத்தனை நாள் கழித்து அதற்கு என்ன அர்த்தம்?

கடைசி வகுப்பில் ரொட்டிக் கடைப் பையன் கை தூக்கினான்.

"இந்தப் பாடத்துக்கு நாங்கதான் கடைசி ஆளுங்களா மேடம்?"

"ஆமாப்பா."

"நாங்க பாஸாகலைன்னா திரும்ப உங்களை வரச் சொல்வாங்களா?"

"ஒழுங்கா எழுதுங்க. போற நேரத்துல என் மானத்தை வாங்காதீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. அப்போது ரயில் வந்தது. அவள் நிறுத்தினாள். ரயில் போய் முடிந்தது. எந்தச் சொல்லில் விட்டோம் என்று நினைவுக்கு வரவில்லை. மாணவர்கள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் அவள் கணவன் கணக்கைத் திரும்பப் போட ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை. சேரும்போது மாணவர்கள் என்ன நிலையில் இருந்தார்கள், குடும்ப வருமானம் என்ன, படிக்கும்போதே வேலை பார்த்தார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்தான். ஒரு வருடச் சம்பளத்துக்குப் பதிலாக ஐந்து வருடம் கழித்து வாங்குவதை எடுத்தான். ஒரு சனிக்கிழமை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால் திருப்பி வைத்தான்.

"பாரு. கொஞ்சம் மேல வந்திருக்கு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "கீழ்ப்பாதியிலதான் இருக்கு."

"ஆமா. எப்படிப் போட்டாலும் அதுக்கு மேல நகர மாட்டேங்குது." அவன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லா வழியிலயும் போட்டுப் பாத்துட்டேன்."

"மேல வராதுன்னு எனக்கே தெரியும். என் பசங்களை எனக்குத் தெரியாதா?" என்று மடிக்கணினியை மூடினாள். "இதை யாருக்காகப் போட்ட?"

அவள் எழுந்து போய் வேறு வேலை பார்த்தாள்.

பஸ்ஸில் அரை நாள் தொலைவிலுள்ள ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலில் வாரக் கடைசியில் வந்துபோனாள். அப்புறம் மாதம் ஒருமுறை. பிறகு தேர்வு, விடைத்தாள், காய்ச்சல் என்று ஒவ்வொரு காரணம். சண்டை எதுவும் நடக்கவில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் "அவளுக்கு அங்க வேலை" என்பான். தினமும் தொலைபேசியில் பேசினார்கள். ஒரு நாள் அவள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீ, வாடா, போடா என்று பேசியவள். வாய் தவறி வந்திருக்கும் என்று காத்திருந்தான். மறுநாளும் அப்படியேதான் கேட்டாள்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு அவள் முந்தின நாளே கிளம்பி வந்து ஒரு தோழி வீட்டில் தங்கினாள். அரங்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொடிசு மேடை ஏறியபோது அவள்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினாள். மகள் நல்ல தேர்ச்சி. ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலையும் முடிவாகியிருந்தது, நல்ல சம்பளத்தில்.

வெளியே தூறியது. வண்டிகள் நிற்கிற கொட்டகையின் கீழ் இருவரும் ஒதுங்கினார்கள். மகள் தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கு அவகிட்டத் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டான்.

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நல்லா வந்திருக்கா பாருங்க. சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

"தப்பாச் சொல்லியிருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூறல்தான் பட்டதோ என்னவோ. "சரியாச் சொன்னதுக்கு என்னன்னு மன்னிக்கறது, சொல்லுங்க? எனக்குத் தெரியலை."

அவன் கை அவள் தோள்வரை போய் நின்றது. அதற்குள் மகள் ஓடி வந்து இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். "ரெண்டு பேரும் கிட்ட வாங்க, ஒரே ஒரு படம்" என்றாள். வந்தார்கள். மகளின் தோழி, சிரிங்க அங்கிள் என்றாள். சிரித்தான்.

"நான் கொண்டுவந்து விடறேன்" என்று பிறகு சாவியை எடுத்தான்.

"வேண்டாம். பஸ் இருக்கு. அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போய் நல்லாச் சாப்பிட வாங்கிக் குடுங்க" என்றாள் அவள். மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். குடையை விரித்துக்கொண்டு வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தாள்.

நிறுத்தத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவளும் போய் அவர்களோடு நின்றாள்.