நாகதம்பிரானுக்கு ஒரு செம்புப் பால்

நாகதம்பிரான் கோயில் ஊற்றடிக்கு வந்து சேர்ந்தபோது பிரஷாந்திக்குச் சாமி கும்பிடுவதைவிட எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வவுணதீவிலிருந்து விடியப் புறப்பட்ட நடை. கையில் பால்செம்பு. விரதம் என்பதால் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

போன மாரியில் அவள் புருசன் சிவதர்ஷனை வயல் வட்டைக்குள் புடையன் பாம்பு கடித்தது. ஆள் பிழைத்தால் நடந்து வந்து ஊற்றில் முழுகி, புற்றுக்குப் பால் வார்ப்பேன் என்று ஆசுபத்திரி வாசலில் நின்று நாகதம்பிரானுக்கு நேர்ந்தாள். பிழைத்தான். ஆனால் அதன்பிறகு வயலில் கால் வைக்கவில்லை. புல் அசைந்தாலே முகம் வெளிறிவிடும். விதைப்பு, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. நேர்த்திக்கு அழைத்தபோதும், "எனக்கு ஏலா, நீ போயிட்டு வா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கூட வந்தவள் அவனுடைய அக்கா விதுர்ஷாதான்.

"எழும்புகா, வெயில் ஏறுது. முழுகிட்டு வா."

"கொஞ்சம் இருங்க மச்சாள். கால் ரெண்டும் விட்டுப் போச்சு."

கோடையில் ஊற்று சுருங்கிக் கிடந்தது. சனம் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டிருந்தது. மருத மரத்தில் சாய்ந்த பிரஷாந்திக்குக் கண் செருகியது.

"இஞ்ச பாருகா, தம்பி வாறான்!"

வயல் வரம்பில் சிவதர்ஷன் வந்துகொண்டிருந்தான். தடியால் முன்னால் தட்டித் தட்டி, ஒவ்வோர் அடியாக. கிட்ட வந்தபோது உடம்பெல்லாம் வியர்வை.

"போன் அடிச்சன், நீ எடுக்கல்ல. வெறும் வயித்தோட போனவள் எங்கயும் விழுந்திட்டியோ எண்டு பயந்திட்டன். ஓட்டோ பாலத்தடியோட நிண்டிட்டு. வரம்பாலதான் வந்தன்."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதைக் காட்டவும் தெம்பில்லை. செம்பை நீட்டினாள்.

"நீங்களே பால ஊத்துங்க. என்னால எழும்ப ஏலா."

புற்றின் முன் அவன் வெகுநேரம் நின்றான். புற்றை நெருங்காமல் எட்டி நின்று சாய்த்ததில் பாதிப் பால் மண்ணில் சிந்தியது. மீதியை வார்த்துவிட்டு, செம்பைக் கழுவி, ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தவளின் தலையில் மெல்ல ஊற்றினான். குளிர்ந்த நீர் கழுத்தால் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு வயலுக்கு நான் போறன்" என்றான்.

அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"முதல்ல ஒரு தேத்தண்ணி வாங்கித் தாங்க" என்றாள்.