மதிவாணன் சார் வரைந்த தோள்

தம்போய் ஊர் மண்டபத்தில் மதிவாணன் சாருக்கு நினைவுக்கூட்டம். "ஓவியச் சிகரத்துக்கு நினைவேந்தல் பெருவிழா" என்று பதாகை கட்டியிருந்தார்கள். அதில் சாரின் முகம் ஓரத்தில். சங்கத் தலைவர் உலகப்பனின் முகம் நடுவில். உலகப்பனுக்கு டத்தோ பட்டம்தான் இன்னும் வரவில்லை. அதற்குரிய நடை வந்து பல வருடமாயிற்று.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சாரின் மகள் தேன்மொழி படங்கள் இருந்த சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தவர் சார். கூலாய் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் பகலில் கணக்கு வாத்தியார், மாலையில் ஓவியர். தாமதமாக வருகிற பிள்ளையை அடிக்கமாட்டார். கரும்பலகையில் ஓர் ஆமையை வரைந்து, தலைக்குப் பதிலாக அந்தப் பிள்ளையின் முகத்தை வைத்துவிடுவார். அடியே தேவலை என்று மறுநாள் மணியடிக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

கோயில் தலைவரோ, பள்ளி வாரியத் தலைவரோ, யார் பதவிக்கு வந்தாலும் முதல் காரியமாகச் சாரிடம் வந்து ஒரு படம் வரையச் சொல்வார்கள். ஆனால் பெரிய மனிதர்களுக்கு உட்கார நேரம் ஏது? முகத்தை வரைந்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே உடம்புக்குப் பள்ளித் தோட்டக்காரர் காளியப்பன். சாருடைய கல்யாணக் கோட்டு போட்டுவிட்டால் மதியம் முழுக்க நட்ட கம்பமாக நிற்பார். கூலி, ஒரு கோப்பை தே தாரிக். தூரிகை கழுவிக் கொடுத்த தேன்மொழிக்கு மட்டும் இது தெரியும். படங்கள் சிகாமட்டில் ஒன்று, கூலாயில் ஒன்று என்று சிதறிக் கிடந்தவரை ஆபத்தில்லை.

உலகப்பன் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒரே சுவரில் வரிசையாக மாட்டிவிட்டார். நடுவில் தன் படம்.

"ரெண்டு மூணு போதுமே, அங்கிள்," என்று தேன்மொழி காலையிலேயே கெஞ்சிப் பார்த்தாள்.

"என்னாம்மா நீ! அப்பா பேர எங்க கொண்டுபோய் நிறுத்துறேன், பாரு."

"அதான் அங்கிள் பயமா இருக்கு."

அப்பாவை ஏமாற்றுக்காரர் என்று ஒருத்தர் சொல்லிவிட்டாலும் போதும், இந்த ஊர் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

உலகப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஒவ்வொரு தலைவருடைய தனித்துவமான கம்பீரத்தையும் சார் பிடித்து வைத்திருக்கிறார்! என் படத்தையே பாருங்கள். இந்தத் தோள்! இது சுமந்த பொறுப்புகள் தெரிகின்றனவா?"

"அலமாக்! இது எங்க வீட்டுக்காரரு கையாச்சே!"

காலமாகிவிட்ட காளியப்பனின் மனைவி பேச்சியம்மாள் எழுந்து, கைத்தடியை ஊன்றி உலகப்பனின் படத்தருகே போய்விட்டாள். "புல்லு வெட்டுற மெஷின்ல மாட்டி வளைஞ்ச சுண்டுவெரலு. நான்தான மஞ்சப்பத்து போட்டேன்?" அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். "இதுவும் அவருதான். அட, இதுவும்!"

அத்தனை தலைவர்களும் ஒரே கோட்டு போட்டு, ஒரே சுண்டுவிரலை வளைத்தபடி சுவரிலிருந்து பார்த்தார்கள்.

கிழவிக்குக் கண் மங்கல் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். தேன்மொழி மேடையிலும் ஏறிவிட்டாள். ஆனால் பேச்சியம்மாள் அந்தச் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் நாக்கில் பொய் வரவில்லை.

"ஆமாங்க. முகம் அவங்க அவங்களுது. ஒடம்பு எல்லாம் காளியப்பன் மாமா. அப்பாவ மன்னிச்சிருங்க."

பின் வரிசையில் சாரின் பழைய மாணவன், லோரி ஓட்டுநர் குணாளன் எழுந்தான். "மன்னிக்கிறதா? என்னாக்கா பேசுறீங்க! எங்க எல்லாத்துக்கும் ஒரே ஆமதான லா வரைஞ்சாரு! யாராச்சும் தனி ஆம கேட்டோமா?"

"என் ஆமைக்கும் ஓட்டுல விரிசல் இருந்துச்சு!" என்றார் ஒரு டாக்டர்.

"அதே விரிசல்தான் டாக்டர்!" என்றான் குணாளன்.

சிரிப்பு வெடித்தது. யார் யார் ஆமை, எத்தனை முறை ஆமை என்று மண்டபமே பேச ஆரம்பித்துவிட்டது. தேன்மொழிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கண்ணில் நீர் முட்டியது.

உலகப்பன் மட்டும் தன் படத்தைப் பார்த்தபடி நின்றார். "அப்ப... என் தோளு?"

"அதுவும் மாமாதான், அங்கிள்."

"அதான பாத்தேன்," என்றாள் அவர் மனைவி நாச்சம்மை. "முப்பது வருசமா இந்தப் படத்துக்குத் தூசி தட்டுறேன். இந்தத் தோளு வீட்டுல எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன்."

உலகப்பன் தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே தெரியும். ஓர் உழைப்பாளியைக் கௌரவிக்கத்தான் இந்த ஏற்பாடே!" அதற்கும் கைதட்டினார்கள். அன்று எதற்கும் கைதட்டுகிற மனநிலையில் இருந்தார்கள்.

பேச்சியம்மாள் தேன்மொழியின் முந்தானையை இழுத்தாள். "ஏம்மா, அவரு கோட்டு போட்டு நான் பாத்ததே இல்ல. பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துக்கட்டுமா? இந்த நடுப்படத்துல ஒடம்பு நல்லா விழுந்துருக்கு. மொகந்தான் எடஞ்சல்."

தேன்மொழி உலகப்பனைப் பார்த்தாள். மண்டபமே பார்த்தது. அவர் கையில் இன்னும் பாதி வாசிக்காத உரைத்தாள்.

அதைத் தூக்கி, படத்திலிருந்த தன் முகத்தின் மேல் அவரே பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஒசத்திப் புடிங்க தலைவரே," என்றாள் பேச்சியம்மாள், சேலையைச் சரிசெய்துகொண்டு. "மீச தெரியுது."