கறுப்புக் கட்டத்தின் கடைசி வரி

பதினான்கு மாதங்களில் ஐந்து பெண்கள் கொலையானார்கள். ஐவரும் விதவைகள், அறுபதைத் தாண்டியவர்கள். டான்யூப் ஆற்றை ஒட்டிப் போகும் ரயில் பாதையில், நான்கு ஊர்களில், தனித்தனி வீடுகளில் இருந்தவர்கள். ஐவரும் சமையலறை நாற்காலியில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார்கள். கதவு உடைபடவில்லை, பீரோ திறக்கப்படவில்லை, ஒரு வெள்ளிக் கரண்டிகூடக் காணாமல் போகவில்லை.

பத்திரிகைக்காரர்கள் பிறகு கொலைகாரனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவன் கண் எப்படி, சின்ன வயதில் அவனை யார் அடித்தார்கள் என்று. எனக்கு அவன் மேல் எந்த அக்கறையும் இல்லை. நான் சொல்லப்போவது ராதுனா அக்காவைப் பற்றி.

என் பெயர் ஸ்தோய்கா. அப்போது, 1992இல், எங்கள் ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை எப்போதாவது வரும். சாவு அறிவிப்பு தினமும் வரும். கறுப்புக் கட்டம், நடுவில் செத்தவர் படம், பெயர், வயது, நான்கு வரிப் புலம்பல். செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. கதவில் ஒட்டுவோம், மின்கம்பத்தில் ஒட்டுவோம், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுவோம். மழையில் கரைந்து போகும்வரை அது அங்கேயே இருக்கும். பழகிப் போனதால் யாரும் அதைப் படிப்பதில்லை. போலீசும் படிக்கவில்லை.

மாவட்டத் தலைநகரிலிருந்து கேப்டன் கரகாஷேவ் வந்து விசாரித்தார். ஐந்து வீடுகளிலும் பூட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், செத்த பெண்களின் சொந்தக்காரர்களைக் குடைந்தார். கதவைத் தட்டியபோதெல்லாம் அவர் மூக்குக்கு நேரே அந்தக் கறுப்புக் கட்டம் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் பிப்ரவரி வரைக்கும் குருடியாகத்தான் இருந்தேன். ஐந்தாவது பெண்ணின் தங்கை அறிவிப்பு அடிக்க வந்தாள். "அத்தானுக்குப் போட்ட மாதிரியே போட்டுருங்க" என்றாள். அச்சடித்ததில் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். தேடி எடுத்தேன். நாற்பதாம் நாள் அறிவிப்பு. கடைசி வரியில் 'துயருறும் மனைவி' என்று மட்டும் இருந்தது.

அந்தக் கடைசி வரிக்குத்தான் எங்கள் ஊரில் சண்டையே நடக்கும். மூத்த மகன், இளைய மகன், மருமகள், பேரன், கொள்ளுப்பேத்தி என்று அத்தனை பேரும் அதில் வரவேண்டும். ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனதற்காக அச்சகத்தில் செருப்பைக் கழற்றியவர்கள் உண்டு. மனைவி மட்டும் இருக்கும் வரி அபூர்வம். பக்கத்து ஊர்களுக்கும் எங்கள் அச்சகம்தான், மற்ற நான்கு பெண்களின் புருஷன்மாருக்கும் நான்தான் அடித்திருந்தேன். தேடி எடுத்தேன். நான்கிலும் அதே வரி. ஐந்து பேரும் அந்தக் காகிதம் கதவில் ஏறிய பத்து நாளுக்குள் செத்திருந்தார்கள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை என்று ஒருவனுக்கு நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த எழுத்துப் பெட்டியைத் தொடக் கை கூசியது.

ஐந்து அறிவிப்புகளையும் கேப்டனிடம் கொண்டுபோனேன். அவர் அவற்றை மேசையில் பரப்பி வைத்தார். "இப்ப இந்த மாதிரி கதவு வேற எங்கம்மா இருக்கு?"

"ஒண்ணுதான் இருக்கு. ராதுனா அக்கா வீடு. போன வியாழக்கிழமை ஒட்டினாங்க."

"நல்லது. கிழிச்சிராதீங்க. நாங்க மறைஞ்சிருந்து பார்த்துக்கிறோம். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், பயந்துருவாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஐயா, அவங்க என்ன, தூண்டில்ல மாட்டுற புழுவா? நீங்க சொல்லலேன்னா நான் இப்பவே போயி மூணு மகன், ரெண்டு மருமகன்னு புதுசா அடிச்சு ஒட்டிருவேன்."

"ஒட்டுங்க. அவன் அடுத்த ஊருக்குப் போவான். ஆறாவது பொம்பளை யாருன்னு அப்புறம் அச்சடிக்கிறப்போ தெரிஞ்சுக்கலாம்."

கடைசியில் அக்காவிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது.

ராதுனா அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் முப்பது வருஷம் சூப் காய்ச்சியவர். புருஷன் ல்யூபென் கடிகாரம் ரிப்பேர் செய்தவர், ஜனவரியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்பைக் கிளறிக்கொண்டே சிரித்தார்.

"என்னைக் கொல்ல ஒருத்தன் ரயில் ஏறி வரானா? பக்கத்துத் தெருவுல இருக்கிற என் நாத்தனார் நாப்பதுக்குக்கூட எட்டிப் பார்க்கல!"

"விளையாடாதீங்க அக்கா. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க."

"வரட்டும்டி. ஏன் கேப்டன் தம்பி, அவன் என்ன சொல்லிக்கிட்டு உள்ள வருவான்?"

"துக்கம் விசாரிக்க வந்தேன்னு சொல்லுவான்மா. உங்க வீட்டுக்காரரைத் தெரியும்னு ஏதாவது புளுகுவான். அந்த அஞ்சு பேரும் அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்காங்க, அஞ்சு மேசையிலயும் ரெண்டாவது தட்டு இருந்துச்சு."

"போடாம? செத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தவனை வாசல்லயா நிறுத்துவாங்க?"

அப்படி ஒருவனை எங்கள் நாட்டில் எவளும் திருப்பி அனுப்பமாட்டாள். ஏற்பாடு எளிமையானது. கேப்டனும் நானும் படுக்கையறையில் ஒளிந்திருப்போம். ஒரு போலீஸ்காரர் பின்பக்கக் கோழிக்கூண்டருகே. அவன் சொல்வது பொய் என்று தெரிந்ததும் அக்கா சத்தமாக, "உப்புக் குறையுதா?" என்று கேட்கவேண்டும். உடனே நாங்கள் பாய்வோம்.

இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணி ரயில் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

கதவிடுக்கில் பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஆள். இஸ்திரி போட்ட கால்சட்டை, சாம்பல்நிற மஃப்ளர், கையில் நான்கு கார்னேஷன் பூ. சாவு வீட்டு வழக்கப்படி இரட்டைப்படையாகத்தான் வாங்கி வந்திருந்தான். தொப்பியைக் கழற்றி, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றான். குரல் தழுதழுத்தது. நானே கதவைத் திறந்திருந்தால் நானும் உள்ளே விட்டிருப்பேன்.

"என் பேரு மின்கோ அம்மா. ரயில்ல போறப்போ ஸ்டேஷன் கம்பத்துல படத்தைப் பார்த்தேன். கை கால் ஓடல, இறங்கிட்டேன். நானும் ல்யூபெனும் பட்டாளத்துல ஒண்ணா இருந்தோம்."

நான் கேப்டனின் சட்டையைப் பிடித்தேன். ல்யூபெனுக்கு ஐந்து வயதில் இளம்பிள்ளை வாதம். இடது கால் சூம்பிப் போனது. பட்டாளம் அவரை வாசலோடு அனுப்பிவிட்டது ஊருக்கே தெரியும். அறிவிப்பில் முகம்தானே இருக்கிறது, கால் இல்லையே. இதோ இப்போது உப்பு வரும் என்று காத்து நின்றேன்.

"உக்காருங்க," என்றார் அக்கா. "அவருக்குப் படைச்ச அவிச்ச கோதுமை இருக்கு. பீன்ஸ் சூப் சூடா இருக்கு."

அவன் செத்தவருக்காக ஒயினில் ஒரு சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டுக் குடித்தான். சாப்பிட்டான். பேசினான்.

"எல்லைக் காவல்ல இருந்தோம்மா. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அனலாக் கொதிக்குது, நடக்க முடியல. உங்க வீட்டுக்காரர் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு சதுப்பு நிலத்துல நடந்தாரு பாருங்க..."

"தோள்லயா? எவ்வளவு தூரம்?"

"பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"எங்கயும் உக்காரலையா?"

"எங்க உக்கார? மான் மாதிரி போனாரு மனுஷன்."

அக்கா அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். நான் கேப்டனுக்குச் சைகை காட்டினேன்: பொய், கால், பொய். வெளியூர்க்காரருக்கு என் சைகை புரியவில்லை. உதட்டில் விரலை வைத்து முறைத்தார். ஒரு சத்தம் போதும், அவன் எழுந்து ஓடிவிடுவான். பொய் என்று அக்கா வாயால் வராதவரை, பூவோடு வந்து சூப் குடித்தவனை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது.

"அவரு ஆடுவாரா?" என்று கேட்டார் அக்கா.

"ஆடாம? பட்டாளத்துல ஞாயித்துக்கிழமைன்னா வட்டம் கட்டி ஆடுவோம். முன்னால நின்னு இழுக்கிறது அவருதான். பொண்ணுங்க எல்லாம் வேலிமேல ஏறி நின்னு பார்ப்பாளுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவரு யாரையும் பார்க்க மாட்டாரு. ஊருல எனக்கு ஒருத்தி இருக்கான்னு சொல்லுவாரு."

அக்காவின் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. கன்னம் நனைந்திருந்தது. உப்பு மேசையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

மின்கோ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "படத்தை ஒரு தடவை பார்த்துக்கிறேம்மா" என்று அக்காவுக்குப் பின்னால் போனான். சுவரில் ல்யூபெனின் படம் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. மஃப்ளரைக் கழற்றி இரண்டு கையிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அக்கா திரும்பவில்லை.

"இன்னும் ஏதாவது சொல்லுங்க," என்றார்.

நான் கத்திக்கொண்டு கதவைத் தள்ளினேன். கேப்டன் என்னை இடித்துக்கொண்டு பாய்ந்தார். அதற்குள் மஃப்ளர் அக்காவின் கழுத்தில் ஏறிவிட்டது. நாற்காலி சாய்ந்தது, தட்டு உடைந்தது, பின்பக்கத்துப் போலீஸ்காரர் ஓடிவந்து அவன் கையை முறுக்கினார். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அக்கா தரையில் உட்கார்ந்து இருமினார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஏன்க்கா உப்புக் கேட்கல? பட்டாளம்னு சொன்னதுமே தெரிஞ்சிருக்குமே! செத்துப் போயிருப்பீங்களே!"

அவர் தண்ணீர் கேட்டார்.

மின்கோ ஐந்து கொலைகளையும் ஒப்புக்கொண்டான். ஏன் என்று நீதிபதி மூன்று தடவை கேட்டார். அவன் சொல்லவில்லை. காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் கேப்டன் அக்காவின் வாக்குமூலத்தை எழுதினார். எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"அவன் சொன்னதை எல்லாம் எழுதிக்கிட்டீங்களா தம்பி?"

"எழுதியாச்சும்மா. ஒரு வார்த்தை விடல."

"சதுப்பு நிலம்? ஆட்டம்?"

"எல்லாம் இருக்கு."

"எனக்கு ஒரு காப்பி வேணும்."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது முழுக்கப் பொய். உங்களைக் கொல்ல வந்தவன் சொன்ன பொய்."

"தெரியும்ப்பா. அவரு கால் எனக்குத் தெரியாதா? நாப்பத்திரெண்டு வருஷம் அதுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டவ நான்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "அவரு போனப்புறம் அவரைப் பத்தி என்கிட்ட உக்கார்ந்து பேசினது அவன் ஒருத்தன்தான்."

வழக்குக் காகிதம், கொடுக்க முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். அக்கா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். மேசை முன்னால் உட்கார்ந்து, ல்யூபென் ஒரு தடவை என் அப்பாவின் கடிகாரத்தை ரிப்பேர் செய்துவிட்டுக் காசு வாங்க மறுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.