வாய் வைக்க ஓர் ஆள்

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடிருந்தது. மேஸ்திரி, உடன் வேலை செய்வோர், தெருவார், கோபம் வந்தால் மனைவிகூட, அவரை 'மூடி' என்றே அழைத்தனர். நகரத்துச் சாக்கடைக் குழிகளின் இரும்பு மூடிகளைத் திறந்து உள்ளே இறங்குவது அவர் தொழில். தெருவில் தலை குனிந்தே நடப்பார். அதைப் பணிவு என்று சிலர் மெச்சியதுண்டு. உண்மையில் அவர் மூடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எந்த மூடியையும் திறக்குமுன் கடப்பாரை முனையால் இரண்டு தட்டுத் தட்டி, உதட்டைக் குவித்து ஒரு சீழ்க்கை விடுவார். இறங்கிய பின்னும் அச்சீழ்க்கை ஓயாது, ஓயவும் கூடாது. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு, உள்ளே இருப்பவர் மூச்சோடு இருக்கிறார் என்பதற்கு அது ஒன்றே அடையாளம்.

பழக்கம் விடுமா? வீட்டுக் கதவையும் அவ்வாறே தட்டிச் சீழ்க்கையடிப்பார். கேட்டதும் மகள் ஓடிவந்து திறப்பாள். "அம்மா, அப்பா இன்னைக்கும் மூச்சோட வந்துட்டாரு" என்பது அவள் வேடிக்கைப் பேச்சு. ஆயினும் குளித்து முடிக்கும்வரை அவளைத் தம் அருகே வரவிடமாட்டார். சோப்புக்கட்டி தேயத் தேயக் குளித்துவிட்டு, நகங்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறர் வீட்டு அழைப்புமணியை அவர் தொட்டதே இல்லை. வாசலுக்கு வெளியே நின்று இருமுவார்.

அன்று மாலை அவர் சீழ்க்கையடித்தும் கதவு திறக்கவில்லை. தாமே தள்ளிக்கொண்டு நுழைந்தார். மகள் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். மடியில் மூடிய கிளாரினெட் பெட்டி. மனைவி அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஆகறதுக்கு இன்னும் என்ன பாக்கி? பீப்பி கத்துக்குடுக்கற மாடிவீட்டு அம்மாவும் கையை விரிச்சிட்டாங்க."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கிளாரினெட் பள்ளிக்குச் சொந்தமானது. அங்கே பாட்டு வாத்தியாராக இருந்தவர், இப்பெண்ணின் மூச்சு நீளத்தைக் கண்டு வியந்து, அதை அவள் கையில் கொடுத்துப் பழக்கினார். பின்பு மாற்றலாகி வெகுதூரம் போய்விட்டார். அரசாங்க இசைப்பள்ளியில் இடம் கிடைத்தால் தங்குமிடம், உணவு, கருவி, படிப்பு யாவும் இலவசம். இவ்வாண்டு தவறினால் வயது கடந்துவிடும். பிறகு தாயோடு அட்டைப்பெட்டி மடிக்கப் போகவேண்டியதுதான். நுழைவுத் தேர்வுக்கு ஒரு விதி இருந்தது. ஆசிரியர் ஒருவர் உடன் வந்து, நடுவர்முன் மாணவரின் கருவியில் தாம் முதலில் சுருதி ஊதிக் காட்டி, "இது என் மாணவர்" என்று சொல்லி அதை அவரிடம் கொடுக்கவேண்டும். ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை.

இடர்ப்பாடு அந்த ஊதலில்தான் இருந்தது. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் நாணலால் செய்த மெல்லிய தகடு உண்டு, ரீடு என்பார்கள். ஒலி பிசிறினால், பிழை ரீடிலா பிள்ளையின் உதட்டிலா என்று அறிய ஆசிரியருக்கு ஒரே வழிதான்: அதே கருவியை வாங்கித் தாமே ஊதிப் பார்ப்பது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஊதுவார். மீண்டும் துடைத்துத் திருப்பித் தருவார். அந்நகரத்தில் எல்லா ஆசிரியரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்துவந்தனர்.

"நல்லாத்தான் பேசினாங்க" என்றாள் மனைவி, கரண்டியை ஓங்கியபடி. "இவ வாசிச்சதைக் கேட்டு, 'அடடா, என்ன மூச்சு!'ன்னாங்க. வாங்கி ஊதப் போனாங்க. உதடுவரைக்கும் கொண்டுபோயிட்டு, 'அப்பா என்ன பண்றாரு?'ன்னு கேட்டாங்க. இந்தப் பைத்தியம் உள்ளதைச் சொல்லிடுச்சு. அப்படியே நிறுத்தி, துணியால புடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சு, 'எனக்கு இப்போ நேரமில்லைம்மா'ன்னாங்க. அவங்க துடைச்சது பீப்பியை இல்லைங்க. அவங்க கையை."

அதற்கு முன்பு கிளப்பில் வாசிக்கும் ஒருவர் இடமில்லை என்றார். மறுநாளே அத்தர்க் கடைக்காரர் மகனுக்கு அவரிடம் இடம் பிறந்துவிட்டது. எஞ்சியிருந்தவர் ஒருவர்தாம். வெயிலிலும் கோட்டைக் கழற்றாத காரணத்தால் கோட்டு வாத்தியார் என்று பெயர் பெற்றவர்.

மூடி இருமுறை குளித்து, உள்ளதில் நல்ல சட்டையை அணிந்துகொண்டு, அவர் வீட்டு வாசலில் நின்று இருமினார்.

கோட்டு வாத்தியார் கெட்டவர் அல்லர். தெருக்கதவை ஒருக்களித்துவிட்டுத் தாமும் வெளியே வந்து நின்றே பேசினார்.

"உங்க பொண்ணு பள்ளிக்கூட விழாவுல வாசிச்சதை நானே கேட்டிருக்கேன். சொத்துங்க அது. எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சத்தியமாச் சொல்றேன்."

"அப்போ அனுப்பட்டுங்களா சார்?"

"பொறுங்க. இங்க பத்து வீட்டுப் பிள்ளைங்க வருது. அவங்க அம்மாமாரு கூடத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. நான் உங்க பொண்ணு பீப்பியை ஊதிட்டு அதே வாயால அவங்க பிள்ளைங்க பீப்பியை ஊதினா, மறுநாள் என் கூடம் காலி." தெருவின் இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. தப்பா நினைக்காதீங்க. அப்பா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

"ஊர்ல இல்லைன்னா?"

"இல்லவே இல்லைன்னு. காலமாயிட்டாருன்னு. அப்பா இல்லாத பிள்ளைன்னா எல்லாரும் இரங்குவாங்க, தொழிலைத் துருவமாட்டாங்க. நானே தேர்வுக்கு வந்து ஊதிக் குடுக்கறேன். நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க."

மூடி தம் நகங்களைப் பார்த்துக்கொண்டார். உயிரோடு இருக்கும் தந்தையால் திறக்க இயலாத கதவு, செத்த தந்தைக்குத் திறக்கிறது. "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது.

வீட்டில் மனைவி வெகுண்டாள். "குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுசனைச் செத்துட்டான்னு எந்த வாயால சொல்லுவா? அந்த ஆளுக்குத்தான் புத்தி இல்லை, உங்களுக்குமா?"

"சொன்னா செத்துடுவேனா? தினமும் குழிக்குள்ள போறவன்தானே, பாதி தூரம் போயிட்டுத்தான் வரேன்" என்று சிரிக்க முயன்றார். யாரும் சிரிக்கவில்லை. "வேற யாரு இருக்கா? சொல்லு பார்ப்போம்."

இருவரும் மகளைப் பார்த்தனர். அவள் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, சரி என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அவ்வாறு மூடி காலமானார். மகள் பாடத்துக்குப் போய்வந்தாள். வழியில் வேலையுடையோடு தந்தை எதிர்ப்பட்டால், அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். அவள் திரும்புமுன் அவரே திரும்பிவிடுவதும் உண்டு. கோட்டு வாத்தியார் அவள் கருவியை வாங்கி, துடைத்து, ஊதி, துடைத்துக் கொடுத்தார். அதே ரீடு, அதே உதடு. ஒருவருக்கும் ஒரு நோவும் வரவில்லை. "சார் ரொம்ப நல்லவருப்பா" என்றாள் மகள் ஒருநாள். ஆனால் இப்போதெல்லாம் வீட்டுக்கதவில் சீழ்க்கை கேட்டால் அவள் ஓடி வருவதில்லை. மெல்ல நடந்துவந்து திறந்தாள்.

தேர்வு நெருங்கியிருந்தபோது கோட்டு வாத்தியார் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது. மேஸ்திரி மூடியைக் கூப்பிட்டார்.

"வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"ஏன், உன் மாமியார் வீடா அங்க இருக்கு? அந்தக் குழியோட வளைசல் உன்னைத் தவிர எவனுக்கய்யா தெரியும்? கெளம்பு."

குழி கோட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்துச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. நாற்றத்துக்கு அஞ்சிச் சன்னலைப் பாதி சாத்தியிருந்தனர். உள்ளே கிளாரினெட் கேட்டது. யார் மூச்சு என்று மூடிக்குத் தெரிந்தது. சத்தம் எழாமல் திறந்துவிடத்தான் எண்ணினார், கை கேட்கவில்லை. கடப்பாரை இரண்டு தட்டுத் தட்டிற்று. உதடு குவிந்து சீழ்க்கை போய்விட்டது.

உள்ளே இசை பிசிறி நின்றது.

கோட்டு வாத்தியார் கருவியை வாங்கினார். துடைத்தார். ஊதினார். குற்றமற்ற நாதம் எழுந்தது. "ரீடு நல்லாத்தானேம்மா இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?"

"இந்த நாத்தத்துல பிள்ளை எப்படி ஊதும்?" என்றாள், தன் மகனின் முறைக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்கார அம்மா. "பாவம், அப்பா இல்லாத பொண்ணு. ஏம்மா, அப்பா எப்படிப் போனாரு?"

மூடி அதற்குள் இடுப்பளவு கழிவில் நின்று, மூங்கிலால் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தார். சீழ்க்கையும் நடந்துகொண்டிருந்தது. குழியின் வாய் வழியே ஒவ்வொரு சொல்லும் அவர்மேல் விழுந்தது.

"சொல்லும்மா. நோவா?"

மகளின் குரல் கேட்டது. "மூச்சு முட்டி."

சீழ்க்கை நின்றது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உதடு குவிந்தபடியே இருந்தது, காற்றுத்தான் வரவில்லை. அந்தச் சாவை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எண்ணிக்கொண்டு நின்றார். எத்தனை மாலை அந்தச் சீழ்க்கைக்காகக் கதவருகே காத்திருந்தாளோ, அங்கிருந்துதான்.

"மூடி!" என்றார் மேலே கயிறு பிடித்திருந்த கிழவர். "யோவ் மூடி! குரல் குடுய்யா! என்னய்யா, தூங்கிட்டியா?" அவர் குரலில் வேடிக்கை மறைந்துவிட்டது. "யோவ்! யாராவது வாங்க, கயித்தைப் பிடிங்க!"

கூடத்தில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. செருப்பில்லாத கால்கள் படியிறங்கி ஓடி வந்தன.

"அப்பா!"

தெரு முழுதும் கேட்கும் குரல். "அப்பா! அப்பா!"

கயிற்றை இறுகப் பற்றிய கிழவரின் கைகளோடு இரண்டு சிறு கைகளும் சேர்ந்து இழுத்தன. மூடி வெளியே வந்தார், தலையிலிருந்து கழிவு வழிய. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. தொடாதே, குளிக்கலை" என்று பின்வாங்கினார். அவள் கேட்கவில்லை. இரு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்தோர் வாசலுக்கு வந்துவிட்டனர். மருந்துக்கடைக்கார அம்மா கைக்குட்டையால் மூக்கை மூடியபடி கேட்டாள். "யாரு இது?"

"எங்க அப்பா."

"செத்துட்டாருன்னே?" பெண்ணை விட்டுவிட்டு வாத்தியார்பக்கம் திரும்பினாள். "சார், இந்தப் பொண்ணு பீப்பியில வச்ச வாயைத்தானே என் பையன் பீப்பியிலயும் வச்சீங்க?"

கோட்டு வாத்தியார் மூடியைப் பார்த்தார். கண்ணெடுத்துக் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். "எனக்கு எதுவும் தெரியாதுங்க. என்னையும் ஏமாத்திட்டாங்க" என்றார்.

கிழவர் ஏசுவதற்கு வாயைத் திறந்தார். மூடி வேண்டாமென்று கையசைத்தார்.

வாத்தியார் உள்ளே சென்றார். சற்றுமுன் தம் உதட்டில் வைத்து ஊதிய கருவியைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு வந்து, பெட்டியோடு மதில்மேல் வைத்தார். கைக்குட்டையையும் அங்கேயே விட்டுவிட்டார்.

தெருமுனைக் குழாயில் மூடி கைகழுவும்போது மகள் பெட்டியை அணைத்தபடி தேம்பி அழுதாள்.

"நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ப்பா. சத்தம் நின்னதும் பயந்துட்டேன். கெடுத்துட்டேன். இனிமே யாரு வந்து ஊதிக் குடுப்பா?"

அவர் நகங்களை மோந்து பார்க்கவில்லை. ஈரக் கையோடு பெட்டியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

"நான் வரேன்."

"நீங்க வாத்தியார் இல்லையேப்பா. உள்ள விடமாட்டாங்க."

"விடாட்டி வாசல்ல நின்னு ஊது, அவங்க காதுல விழட்டும். வாத்தியார் எங்கேன்னு கேட்டா நான் பதில் சொல்றேன். இந்த ஊர்ல ஊதத் தெரிஞ்சவங்க நெறைய பேரு, எம் பொண்ணு பீப்பியில வாய் வைக்கத்தான் ஓர் ஆள் இல்லைன்னு. உள்ளதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு."

மகள் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"நடம்மா. வேலை பாதியில நிக்குது, அடைப்பை எடுத்துட்டு வரேன். அம்மாகிட்ட நான் உயிரோடத்தான் இருக்கேன்னு சொல்லு" என்று பெட்டியை அவள் கையில் கொடுத்தார் மூடி. "தேர்வு அன்னிக்கு மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிடறேன்."