மூங்கில் ஓடையில் நின்ற ரயில்

பத்மினி டெல்லிக்கு எழுதிப் போட்ட அர்ஜியால்தான் மூங்கில் ஓடை ரயில் பாலத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது. இதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க அவள் விட்டால்தானே! குழாயடியில் யாராவது பாலம் என்று வாயைத் திறந்தால் போதும், டெல்லியிலிருந்து பதில் வந்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். வடமாலபேட்டைப் பக்கம் அந்தப் பழைய இரும்புப் பாலம் ஆட்டம் கண்டு சில வருஷங்களாகியிருந்தன. திருப்பதி பாசஞ்சர் பாலத்துக்கு முன்னால் சிவப்புப் பலகையருகே வந்து அப்படியே நின்றுவிடும். காவலுக்கு இருந்த துலுக்காணம் பச்சைக் கொடி காட்டிய பிறகுதான் ஊர்ந்து ஊர்ந்து அக்கரை சேரும். ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு இது போதாதா? திருப்பதியில் பூ விற்பவர்கள், லாட்ஜில் பெருக்குபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் காலையில் அங்கேயே ஏறினார்கள், சாயங்காலம் அங்கேயே இறங்கினார்கள். டிரைவர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

பத்மினி தன் புருஷன் ரமணாவை ஏற்றியதும் அங்கேதான். அவனுக்குக் கிட்னி இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று தடவை திருப்பதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பாலம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் வரும் ரோடோ நாலு மைல், ஸ்டேஷன் அதற்கும் அப்பால். ஒருமுறை பைக்கில் உட்கார வைத்துப் போனதில் தலைசுற்றி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். ரயில் இல்லையென்றால் ரமணா இல்லை. அந்த ரயில் என்றைக்காவது பாலத்தோடு ஓடையில் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பயத்தில் எழுதியதுதான் அர்ஜி.

பணம் வந்தது. கிரேன் வந்தது. புது இரும்பு உத்தரத்தை ஏற்றி முடிக்கிற வரைக்கும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரயில் கிடையாது என்றார்கள். சனிக்கிழமை டயாலிசிஸ் தவறிப்போய், ரமணாவின் முகமும் காலும் ஊதிவிட்டன.

"திங்கக்கெழம மொத வண்டிக்கே போய்க்கலாம். பொறுத்துக்கோய்யா" என்றாள் பத்மினி.

ஞாயிற்றுக்கிழமை மாலை துலுக்காணம் மூட்டை கட்டினான். "இனிமே எனக்கு இங்க வேல இல்லம்மா" என்றான். வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது போலும் என்று வார்டு மெம்பர் நாகையா அவனுக்குச் சால்வையே போர்த்தினார். சிவப்புப் பலகையையும் ஆட்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"புது பாலத்துக்கு புது போர்டு எழுதிக்கினு வருவாங்க" என்றாள் பத்மினி. டெல்லிக்கே எழுதியவள் சொன்னால் தப்பாக இருக்குமா என்று ஊர் நம்பியது.

திங்கள் காலை பாலத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். எஞ்சினுக்குப் போட, திருப்பதியில் பூ விற்கும் செல்லியம்மா தன் கையாலேயே மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாகையா அதை வாங்கிக்கொண்டு முன்னால் நின்றார். ரமணா ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

வளைவில் ரயில் தெரிந்தது. ஹாரன் அடித்தது. மரியாதைக்கு அடிக்கிறான் என்று எல்லோரும் கையாட்டினார்கள். ஹாரன் ஓயவில்லை, ரயிலும் வேகம் குறையவில்லை. நாகையா மாலையை உயர்த்திக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டிப் போனார்.

பத்மினிக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா, வந்துடு!" என்று அலறி நாகையாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தார்கள். தலைக்கு மேலே பெட்டி பெட்டியாகத் தடதடவென்று போயிற்று. மாலை பிய்ந்து எங்கேயோ பறந்தது. புதுப் பாலம் துளிகூட ஆடவில்லை.

சத்தம் அடங்கியது.

"ஏன்டி நிக்காம பூட்ச்சி?" என்றாள் செல்லியம்மா, சின்னக் குரலில்.

பாலம் கெட்டிருந்ததால் நின்றது. நன்றானதும் எதற்கு நிற்கும்? இத்தனை வருஷத்தில் ஊரில் ஒரு மண்டையிலாவது இது ஏறியிருக்குமா? ஐயோ, என் கையாலேயே எழுதினேனே என்று பத்மினி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம் வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

நாகையா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "வுடும்மா. ரயிலு இங்க நிக்கணும்னு இன்னொரு அர்ஜி போடு. ஒனக்குத்தான் எழுத வருமே."

ரமணா சிரிக்கப் பார்த்தான். மூச்சு இரைத்தது.

"போடட்டும் மாமா. அதுக்கு பதிலு வரங்காட்டியும் நான் இருக்கணுமே. அதுக்கு யாராண்ட அர்ஜி குடுக்கிறது?"