ராசம்மாவைக் கேட்ட கேள்வி

ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிய வருஷம் அது. அய்யாவு பெயரும் பட்டியலில் இருந்தது. கூடவே மகள் ராசம்மா பெயரும். அவளுக்கும் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த வீரமுத்துவுக்கும் ஆனியிலேயே பரிசம் போட்டாயிற்று. கல்யாணம் ஆவணியில். கப்பலோ ஆடி பத்தாம் தேதி. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்? மனைவி என்றால் புருஷனோடு தோட்டத்தில் இருக்கலாம். மகள் என்றால் அப்பாவோடு போக வேண்டியதுதான்.

மூவரும் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் சிரிப்பைக் காசு கொடுத்தாலும் காட்டாத மனுஷர். அய்யாவு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே போய்த் துரையிடம் இங்கிலீஷில் பேசினார். துரை தலையாட்டினார். கிராணி பட்டியலோடு வெளியே வந்தார்.

"'ஃபியான்சே'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. கட்டிக்கப் போற பொண்ணுன்னு அர்த்தம். அத எழுதினா, கல்யாணம் வரைக்கும் வீரமுத்து அக்கா வீட்டுல நீ இருக்கலாம். ஆனா பொண்ணு வாயால சொன்னாத்தான் எழுத முடியும். இவனக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

"நான்தான் தட்டு மாத்துனேனுங்களே" என்றார் அய்யாவு.

"ஒன்னக் கேக்கல."

ராசம்மாவுக்குக் காது சுட்டது. பரிசத்தன்று லயத்து வரிசை வீட்டு ஜனமே கூடியிருந்தது. வெற்றிலை மாற்றினார்கள், பூ வைத்தார்கள், வந்தவர்களிடமெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். இதை மட்டும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. வீரமுத்துவை அவளுக்குப் பிடித்திருந்தது அவள் அதிர்ஷ்டம்.

"சம்மதம்" என்றாள்.

"காதுல விழல."

"சம்மதமுங்க!" என்று கத்தியே விட்டாள்.

அய்யாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலேறினார். ஆவணியில் தாலி ஏறியது.

ஒருநாள் சோறு போடும்போது ராசம்மா சொன்னாள்: "அந்தத் தொர நல்லா இருக்கணும். என்னய ஒரு வார்த்த கேக்கச் சொன்னாரே."

வீரமுத்து சிரித்தான். "தொர எங்க கேக்கச் சொன்னாரு? எழுதிக்கன்னுதான் சொன்னாரு. பங்களா இங்கிலீஷு எனக்குத் தெரியாதா? கேட்டது கிராணியாத்தான் கேட்டாரு."

இத்தனை நாளும் நன்றியைத் தப்பான ஆளுக்கல்லவா சொல்லிக்கொண்டிருந்தாள்!

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது கிராணி வழக்கம்போல், "ராசம்மா" என்று வாசித்தார். தினமும் முணுமுணுக்கிறவள், அன்று இரண்டு கையையும் கூப்பி, தோட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இருக்கேனுங்க!"

கிராணி நிமிராமல் அடுத்த பெயரை வாசித்தார்.